ஒரு குழி காலி

எங்கள் அப்பாவுக்கு யாரும் வேலை கொடுக்கவில்லை. அவருடைய துப்பாக்கிக்குத்தான் கொடுத்தார்கள். அதை இடுப்பில் மாட்டிக்கொண்டு போய் பேங்க் வாசலில் நிற்கவைத்து, சாயந்திரம் பத்திரமாகத் திரும்பக் கூட்டிவருகிற ஆள் அவர். வயிற்றெரிச்சலில் சொல்கிறேன் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள், வயிற்றெரிச்சல்தான். ஆனால் பொய்யில்லை. காவலுக்கு ஆள் எடுக்கிற கம்பெனியில் முதலில் கேட்பதே, "சொந்தமா துப்பாக்கி இருக்கா, லைசென்ஸ் இருக்கா?" என்பதுதான். இருந்தால் கன்மேன், நாற்காலி, டீ, 'சார்' என்ற மரியாதை எல்லாம் உண்டு. இல்லாவிட்டால் வாட்ச்மேன், ஒரு விசிலும் ஒரு கம்பும். அப்பாவின் படிப்புக்கும் உடம்புவாகுக்கும் விசில்கூட யோசித்துத்தான் கொடுத்திருப்பார்கள்.

வேலை பார்த்த காலம் முழுக்க அவர் ஒரு திருடனைச் சுட்டதில்லை, ஒரு காக்காயைச் சுட்டதில்லை. அவர் சுட்ட ஒரே ஆள் நான்தான். ஆனால் எங்கள் தெருவில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப்பாருங்கள், நான் என்னை நானே சுட்டுக்கொண்டதாகத்தான் சொல்வார்கள். அம்மாவும் அப்படித்தான் சொல்வாள். தெரு என்ன சொன்னாலும் எனக்குக் கவலையில்லை. அம்மா மட்டும் ஒரு நாள் என்னை நம்பிவிட வேண்டும் என்பதற்காகவே நான் பல காலம் வீம்பாக வாழ்ந்துகொண்டிருந்தேன்.

முதல் துப்பாக்கி பெரியப்பாவுடையது. அவருக்குக் கண் மங்கியதும் லைசென்ஸைத் தன் தம்பியான அப்பா பேருக்கு மாற்றிக் கொடுத்தார். பழைய ரிவால்வர். பிடியில் ஒரு பக்கத்துக் கட்டை விரிசல் விட்டதால் சைக்கிள் டியூபை வெட்டி இறுக்கிச் சுற்றியிருந்தது. மேலே இருக்கிற கொக்கியை அழுத்தினால் நடுவில் மடங்கி, உருளையின் ஆறு குழிகளும் வாயைத் திறந்துகொண்டு தெரியும். தெருவில் அப்பாவுக்கு 'ஆறுவெடி' என்று பேர் வைத்தார்கள். அவருக்கு அதில் ஏகப்பட்ட பெருமை.

ஆனால் அவர் போடுவது ஐந்துதான். அந்தக் காலத்து ரிவால்வரில், தோட்டாவை அடித்து வெடிக்கவைக்கிற சுத்தியின் மூக்கு நேராகத் தோட்டாவின் முதுகிலேயே உட்கார்ந்திருக்கும். கை நழுவிக் கீழே விழுந்தால் போதும், விசையை யாரும் தொடாமலேயே வெடித்துவிடும். அதனால் பழகியவர்கள் சுத்திக்கு நேராக இருக்கிற குழியைக் காலியாக விட்டுவிடுவார்கள். பெரியப்பா அப்பாவுக்குச் சொன்ன ஒரே பாடம் இது. "ஒரு குழி காலியா இருக்கிற வரைக்கும் வீட்டுக்கு ஒண்ணும் ஆகாது" என்று அப்பா எங்களிடம் சொல்வார். அதைக் கண்டுபிடித்தவரே இவர்தான் என்பதுபோல ஒரு தொனி இருக்கும்.

சாயந்திரம் வீட்டுக்கு வந்ததும் ஷூவைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் ஒரு பழைய பேப்பரை விரிப்பார். ரிவால்வரை மடக்கித் தோட்டாக்களை உள்ளங்கையில் கொட்டிக்கொண்டு, "பாரு" என்பார். யாராவது ஒருத்தர் பார்த்து, "காலி" என்று சொல்ல வேண்டும். சொன்ன பிறகுதான் அது அலமாரி மேலே போகும். தன் கண்ணோடு இன்னொரு கண்ணும் பார்க்க வேண்டும் என்பது அவர் கட்டளை. பெரும்பாலும் அம்மாதான் சொல்வாள். கொஞ்ச வருஷத்தில் அவள் அடுப்பைவிட்டுத் திரும்பாமலேயே, "காலி, காலி, கைகால் கழுவிட்டு வாங்க" என்று சொல்லப் பழகிவிட்டாள். எங்கள் வீட்டில் 'வந்துட்டீங்களா' என்பதற்கு அதுதான் வார்த்தை.

அப்பாவுக்குத் துப்பாக்கியின் பரம்பரைக் கதையைச் சொல்வதென்றால் சோறு வேண்டாம். பேங்க் வாசலில் உட்கார்ந்து உட்கார்ந்து, கண்ட பத்திரிகையைப் படித்துச் சேர்த்துவைத்திருந்தார். யார் வீட்டுக்கு வந்தாலும் மாட்டிக்கொண்டார்கள். முதலில் திரியைக் கொளுத்திச் சுட்ட காலம். எரிகிற திரியை இடுப்பில் சொருகிக்கொண்டு எவன் நடப்பான்? அதனால் அது தோளைவிட்டு இறங்கவில்லை. அப்புறம் சக்கரத்தைச் சுழற்றித் தீப்பொறி எடுத்தான், அதற்கப்புறம் சிக்கிமுக்கிக் கல்லை வைத்தான். திரி ஒழிந்த பிறகுதான் துப்பாக்கி கைக்கு அடக்கமாக, இடுப்புக்கு வந்தது. பிறகு மருந்து தடவிய குட்டித் தொப்பி வந்தது, மழையிலும் வெடித்தது. பிறகு சுழல்கிற உருளை. பிறகு எல்லாவற்றையும் ஒன்றாக அடைத்த பித்தளைத் தோட்டா. கடைசியில், தானே கழித்துத் தானே நிரப்பிக்கொள்கிற பிஸ்டல். "மனுஷன் மூளையைப் பாரு" என்று முடிப்பார்.

நானும் பார்த்தேன். எனக்குத் தெரிந்தது வேறு. கல் வைத்துச் சுட்டவன் மருந்தைக் கொட்டி, குண்டைப் போட்டு, குச்சியால் இடித்து இறுக்கித் தயாராவதற்குள் கோபம் தணிந்துபோயிருக்கும். எதிரி வீட்டுக்கே போயிருப்பான். ஒவ்வொரு கண்டுபிடிப்பிலும் சுடுகிறவன் செய்ய வேண்டிய வேலை ஒன்று குறைந்திருக்கிறது, அவ்வளவுதான். உருளை இருந்தவரைக்கும் உள்ளே என்ன இருக்கிறது என்றாவது பார்க்க முடிந்தது. பிஸ்டல் அதையும் மூடிவிட்டது.

இரண்டாவது துப்பாக்கி, பேங்க்காரர்கள் பழையதைப் பார்த்துச் சிரித்ததால் வந்தது. இதுவும் ரிவால்வர்தான், ஆனால் உருளை பக்கவாட்டில் வெளியே வரும். உள்ளே ஒரு இரும்புத் தகடு இருப்பதால் விசையை அழுத்தினாலொழியச் சுத்தி தோட்டாவைத் தொடாது. கீழே போட்டாலும் வெடிக்காது. ஆறும் நிரப்பலாம் என்று கடைக்காரர் படித்துப் படித்துச் சொன்னார். அப்பா தலையை ஆட்டிவிட்டு வந்து ஐந்தைத்தான் போட்டார். சாயந்திரமானால் பேப்பர், "பாரு", "காலி". ஒரு குறையும் இல்லாமல்தான் போய்க்கொண்டிருந்தது.

பேங்க் வேலை போய், பணம் ஏற்றுகிற வேன் கம்பெனியில் சேர்ந்தார். அங்கே ரிவால்வர் செல்லாது என்று சொல்லிவிட்டார்கள். வேனிலிருந்து இறங்குகிற ஆளின் இடுப்பில் கறுப்பாக, சதுரமாக ஒன்று தெரிந்தால்தான் பார்ப்பவனுக்குப் பயம் வருமாம். அப்பா ரிவால்வரைக் கொடுத்துவிட்டுப் பிஸ்டல் வாங்கினார். பிடி பிளாஸ்டிக். சுத்தி கண்ணுக்கே தெரியாது. தோட்டாக்கள் பிடிக்குள் சொருகுகிற மேகசினில் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கும். ஸ்லைடு என்கிற மேல்பாகத்தைப் பின்னால் இழுத்து விட்டால், முன்னால் வரும்போதே மேலே இருக்கிற தோட்டாவைத் தள்ளிக்கொண்டு போய்க் குழிக்குள் வைத்துவிடும். இதில் குழி ஒன்றே ஒன்றுதான்.

அந்த ஒன்றையும் அப்பா காலியாகத்தான் வைத்துக்கொண்டார். மேகசினைச் சொருகுவார், ஸ்லைடை இழுக்க மாட்டார். பெரியப்பாவின் பாடம் இதற்கும் பொருந்திவிட்டது என்று அவருக்கு ஒரே சந்தோஷம். சாயந்திரம் வந்து ஸ்லைடை லேசாகப் பின்னால் தள்ளி, குழியைக் காட்டி "பாரு" என்பார். அம்மா அடுப்படியிலிருந்து "காலி" என்பாள். அப்படியே மெல்ல முன்னால் கொண்டுவந்து மேலே வைத்துவிடுவார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் முதல் தடவையாக அதைப் பிரித்துத் துடைக்க உட்கார்ந்தார். நான் அதே அறையில், தரையில், அடுப்படிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு துணி மடித்துக்கொண்டிருந்தேன். எனக்குப் பதினேழு வயது. நர்ஸ் படிப்புக்கு இடம் கிடைத்து, வெள்ளை யூனிஃபார்முக்கு அளவு கொடுத்துவிட்டு வந்திருந்தேன். தம்பி விளையாடப் போயிருந்தான். அப்பா அம்மாவிடம் எண்ணெய் கேட்டார். பிறகு ஸ்லைடை முழுசாக இழுத்துப் பிடித்து, குழிக்குள் எட்டிப் பார்த்து, "பாரு" என்றார். பின்னாலிருந்து அம்மாவின் குரல், "காலி" என்றது. எப்போதும்போல் பார்க்காமல் சொல்கிறாள் என்றுதான் நினைத்தேன். அப்பா ஸ்லைடை விட்டார். அப்புறம்தான் மேகசினை உருவிக் கட்டிலில் வைத்தார்.

தப்பு அங்கேதான். மேகசினை முதலில் எடுத்துவிட்டு அப்புறம் இழுக்க வேண்டும். இவர் இழுத்துப் பார்த்தபோது குழி காலிதான், கண்ணால் கண்டது உண்மைதான். ஆனால் தினமும்போல் லேசாகத் தள்ளாமல் முழுசாக இழுத்ததால், விட்ட அந்த நொடியில் மேகசினிலிருந்து ஒன்று ஏறி உள்ளே உட்கார்ந்துகொண்டது. ரிவால்வரில் இப்படி நடக்க வழியே இல்லை. திறந்து பார்த்துக் காலியென்றால் மூடிய பிறகும் காலிதான். ஆயுசில் பாதியை ரிவால்வரோடு கழித்த மனுஷன், பார்த்ததை நம்பினார். அந்த மாதிரிப் பிஸ்டலைப் பிரிக்க வேண்டுமென்றால் முதலில் விசையை ஒரு தடவை அழுத்தியாக வேண்டும். அழுத்தினார்.

என் இடது பாதத்தில் யாரோ சம்மட்டியால் அடித்ததுபோல் இருந்தது. வலி அப்புறம்தான் வந்தது. மடித்து வைத்த துணியெல்லாம் நனைந்துபோனது. அப்பா பிஸ்டலைக் கையில் வைத்துக்கொண்டு, "காலி, காலியாத்தானே இருந்துச்சு" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

ஆஸ்பத்திரிக்கு இன்ஸ்பெக்டர் வந்தார். வராந்தாவில் அவர் அப்பாவிடம் பேசியது கதவு திறந்திருந்ததால் எனக்கு நன்றாகவே கேட்டது. "லைசென்ஸ் வெச்சிருக்கவர் கையிலேயே வெடிச்சதுன்னா, கையாளத் தெரியலைன்னு அர்த்தம். ரத்துதான், வேற பேச்சே இல்லை. வீட்டுப் பிள்ளை விளையாட்டா எடுத்துடுச்சுன்னா, பூட்டி வைக்கலைன்னு ஒரு எச்சரிக்கையோட போயிடும். எப்படி நடந்துச்சுன்னு நீங்க நிதானமா யோசிச்சுச் சொல்லுங்க."

அப்பா நிதானமாக யோசித்தார். காலியென்று பார்த்துவிட்டுக் கட்டிலில் வைத்தாராம். பக்கத்து வீட்டில் எண்ணெய் வாங்கிவரப் போனாராம். அந்த நேரத்தில் நான் எடுத்து, மேகசினைச் சொருகி, இழுத்து, அழுத்திவிட்டேனாம். அம்மாவைக் கேட்டதற்கு, "நான் பின்பக்கம் துணி துவைச்சிட்டிருந்தேன், ஒண்ணும் பார்க்கலை" என்றாள். பார்க்காமலே "காலி" என்று சொல்லிவிட்டுப் பின்பக்கம் போயிருப்பாள் என்று நானும் நினைத்துக்கொண்டேன்.

என்னையும் கேட்டார்கள். "நான் தொடவே இல்ல சார்" என்றேன். அப்பா என் தலைமாட்டில் வந்து நின்று முடியைக் கோதிவிட்டார். "மருந்து மயக்கம் சார், உளறுது" என்றார். இன்ஸ்பெக்டர் பாவமாகத் தலையசைத்தார். அந்தக் கை என் தலைமேல் இருந்த சூடு இன்றைக்கும் எனக்கு அருவருப்பாகத்தான் இருக்கிறது.

லைசென்ஸ் தப்பியது. வேன் கம்பெனி மட்டும், இனிமேல் எல்லாருடைய துப்பாக்கியும் கம்பெனி அறையிலேயே இருக்கட்டும், துடைப்பதை எங்கள் மெக்கானிக் பார்த்துக்கொள்வார் என்று மாற்றிவிட்டது. அப்பா காலையில் வாங்கி, சாயந்திரம் அப்படியே திருப்பிக் கொடுத்தார். பாதத்தில் இரண்டு எலும்பு சேரவே இல்லை. நாள் முழுக்க நிற்க முடியாதவளுக்கு நர்ஸ் படிப்பு எதற்கு என்று இடத்தை வேறொருத்திக்குக் கொடுத்தார்கள். அளவு கொடுத்த யூனிஃபார்மை டைலர் என்ன செய்தார் என்று தெரியாது. நான் ஒரு துணிக்கடையில் பில் போடுகிற இடத்தில் உட்கார்ந்தேன், இன்னும் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறேன். தெருப் பிள்ளைகள் எனக்கு 'டுமீல்' என்று பேர் வைத்தார்கள். ஆறுவெடியின் மகள் டுமீல், பொருத்தமாகத்தான் இருக்கிறது.

அப்பா கெட்டவர் என்று ஒரேயடியாகச் சொல்லவும் என்னால் முடியவில்லை, அதுதான் எரிச்சல். செருப்பு தைக்கிறவரிடம் கூட்டிக்கொண்டு போய், இடது செருப்புக்குள் மெத்தென்று தோல் வைத்துத் தைக்கச் சொன்னார். கடைவாசலில் எல்லார் முன்னாலும் மண்டிபோட்டு எனக்குப் போட்டுவிட்டார். "இப்ப வலிக்குதா பாப்பா?" என்று கேட்டார். நடந்தது என்னவென்று இப்போதாவது சொல்வார் என்று கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன். வாரைச் சரிசெய்துவிட்டு எழுந்துகொண்டார். வருஷம் போகப் போக, அவர் சொன்ன கதையை அவரே நம்ப ஆரம்பித்துவிட்டார். வந்தவர்களிடம் பரம்பரைக் கதையை முடிக்கும்போது, "எவ்வளவு பாதுகாப்பா கண்டுபிடிச்சாலும் பிள்ளைங்க கை சும்மா இருக்கணுமே" என்று என் காலைக் காட்டுவார்.

அம்மா அதற்கு மேலே. நான் படியில் தடுக்கினால் போதும். "அன்னிக்கு கையை வெச்சிட்டு சும்மா இருந்திருந்தா இன்னிக்கு இந்தக் கஷ்டம் உண்டா?" என்பாள். வீட்டில் நாங்கள் இரண்டு பேர் மட்டும் இருக்கும்போதும் சொல்வாள். "நான் தொடலைம்மா" என்று எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்துவிட்டேன். "சரி சரி, விடு" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வாள். கட்டின புருஷன் சொன்னதை நம்பாமல் பெற்ற பெண் சொன்னதையா நம்புவாள் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அவள் பார்க்கவில்லை, அவளுக்குத் தெரியாது, அதனால்தான். பார்த்திருந்தால் விட்டிருப்பாளா?

போன மாதம் அப்பாவை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். பிஸ்டலை விற்றுவிடலாம் என்று துப்பாக்கிக் கடைக்கு மூன்று பேரும் போனோம். கண்ணாடி மேஜைக்குப் பின்னால் ஒரு பெண். கடைக்காரரின் மருமகளாம், வேலையில் கெட்டிக்காரி. தோட்டா சரியாக ஏறி இறங்குகிறதா என்று பார்க்க, வெடிக்காத சிவப்புப் பிளாஸ்டிக் தோட்டாக்களை மேகசினில் நிரப்பிச் சொருகினாள். ஒரு தடவை ஏற்றி இறக்கிப் பார்த்துவிட்டு, குழியைக் காலிசெய்து, மேகசினை மறுபடி சொருகி அப்பாவிடம் நீட்டினாள்.

"சார், காலி பண்ணி என் கையில கொடுங்க. விக்கிறவங்கதான் பண்ணணும், இங்க அதுதான் வழக்கம்."

அப்பாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. நிமிர்ந்து நின்று ஸ்லைடை இழுத்தார். குழிக்குள் எட்டிப் பார்த்தார். "காலி" என்று தானே சொல்லிக்கொண்டார். ஸ்லைடை விட்டார். மேகசினை உருவி மேஜையில் வைத்தார். விசையை அழுத்தினார். டக் என்றது. அவளிடம் கொடுத்தார்.

அவள் ஸ்லைடை இழுத்தாள். உள்ளேயிருந்து ஒரு சிவப்புத் தோட்டா துள்ளி விழுந்து, கண்ணாடியில் உருண்டு வந்து என் கைப்பைக்குப் பக்கத்தில் நின்றது.

"சார், தலைகீழா பண்றீங்க. முதல்ல மேகசினை எடுக்கணும், அப்புறம்தான் இழுக்கணும். இது மட்டும் நிஜத் தோட்டாவா இருந்தா?"

அப்பா சிரித்தார். "நான் எப்பவும் மேகசினோடதாம்மா பார்ப்பேன். அந்த ஒரே ஒரு தடவைதான்..."

தன் வாயிலிருந்து என்ன விழுந்தது என்று அவருக்கே அப்போதுதான் உறைத்தது. இத்தனை வருஷத்தில் அவர் அந்த வரிசையைத் திருத்திக்கொள்ளவே இல்லை. எப்படித் திருத்திக்கொள்வார்? தப்பு என் தலையில் அல்லவா இருந்தது.

எனக்குச் சந்தோஷம் பொங்கியது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், அப்படி ஒரு சந்தோஷம். அம்மா பக்கத்திலேயே நிற்கிறாள், காதால் கேட்டுவிட்டாள், இனி மறுக்க முடியாது. அவள் முகத்தைப் பார்க்கத் திரும்பினேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. அப்பாவின் சட்டைக் கையைப் பிடித்து இழுத்து, பல்லைக் கடித்துக்கொண்டு, "ஏங்க, வாயை மூடிட்டு இருக்க மாட்டீங்களா? அவ பக்கத்துலயே நிக்கிறா" என்றாள்.

மருமகள் சிவப்புத் தோட்டாவை எடுத்து டப்பாவில் போட்டாள்.

"உனக்குத் தெரியுமா?" என்று கேட்டேன்.

"எண்ணெய்க் கிண்ணத்தோட உன் பின்னாலதான்டி நின்னேன்" என்றாள் அம்மா. "அன்னிக்கு நான் பார்த்துட்டுத்தான் காலின்னு சொன்னேன். நிஜமாவே காலியாத்தான் இருந்துச்சு. நான் சொன்னதாலதான் அவர் அழுத்தினார். அவருக்கு லைசென்ஸ் போயிருந்தா உன் கால் வைத்தியத்துக்கும் உன் தம்பி படிப்புக்கும் யார்கிட்ட போய் நின்னிருப்பேன்?"

"அப்புறம் ஏன் என்னையே திட்டிட்டு இருந்தே? நாம ரெண்டு பேர் மட்டும் இருக்கும்போதுகூட?"

அம்மா புடவைத் தலைப்பால் மேஜைக் கண்ணாடியைத் துடைத்தாள், அதில் அழுக்கு எதுவும் இல்லை. அப்பா எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று கேட்டார். மருமகள் விரலால் காட்டினாள். போட்டார்.

அம்மா என்னை நம்பவில்லையே என்ற ஒரே குறையோடு இத்தனை வருஷத்தை ஓட்டிவிட்டேன். அவள் நம்பாமலே இருந்திருக்கலாம்.